தாத்தாவின் ஜாவாவும் நாங்கள் மறைத்த தார்ப்பாயும்

உழைக்கின்ற இரும்பு துருப்பிடிக்காது என்பார்கள் பெரியோர். உழைத்து ஓய்ந்த இரும்பின் கதை ஒன்றை இங்கே சொல்ல வருகிறோம். நாங்கள் அக்காவும் தங்கையும். ஒரே வீடு, ஒரே பள்ளி. செய்த குற்றமும் ஒன்றே என்பதால் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம்.

எங்கள் தாத்தா கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றியவர். 1968ஆம் ஆண்டு அவர் வாங்கிய ஜாவா 250 மோட்டார் சைக்கிள் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இன்றும் நிற்கிறது. மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, சிறுமலை அடிவாரத்து ஊர்களுக்கெல்லாம் அதில்தான் போய்வந்தாராம். ஜாவா என்பது செக்கோஸ்லோவாக்கியாவில் 1929இல் பிறந்த பெயர். நம் நாட்டில் மைசூரில் 1961இல் இவ்வண்டியைச் செய்யத் தொடங்கினார்கள். பின்னாளில் அந்தத் தொழிற்சாலை 'யெஸ்டி' என்ற பெயரில் வண்டிகள் செய்து, 1996இல் மூடப்பட்டது. ஜாவாவுக்கு ஒரு தனி அழகு உண்டு. எஞ்சினில் ஒரே சிலிண்டர்தான். ஆனால் புகை போக இரண்டு குழாய்கள்! இரண்டு பக்கமும் வெள்ளிபோல் மின்னும் அந்தக் குழாய்களைத் துடைப்பதுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தாவின் வேலை.

கண் அறுவை சிகிச்சைக்குப் பின் தாத்தா வண்டி ஓட்டுவதில்லை. வாரம் ஒருமுறை அப்பா ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்வார். தாத்தா நாற்காலியில் அமர்ந்து அந்த ஓசையைக் கேட்பார். பிறகு தார்ப்பாயால் மூடி, கயிறு கட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

கடந்த மே விடுமுறையில் அப்பா வேலை நிமித்தம் வெளியூர் போயிருந்தார். மொட்டைமாடியில் கூடாரம் அமைத்து விளையாட அந்தத் தார்ப்பாயை நாங்கள் எடுத்தோம். காற்றில் அது கிழிந்துபோயிற்று. பயந்துபோய், அதைச் சுருட்டித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவிட்டோம். அன்று மாலை தாத்தா வண்டியைப் பார்த்தார். "நான் மூடலையா?" என்று தம்மையே கேட்டுக்கொண்டார். நாங்கள் வாய் திறக்கவில்லை.

பழைய போர்வை ஒன்றை அதன்மேல் போட்டார்கள். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. போர்வை நனைந்து ஈரத்தோடு குழாய்மேல் ஒட்டிக் கிடந்தது. டிசம்பரில் எடுத்துப் பார்த்தால், வெள்ளியாய் இருந்த குழாய்களில் செம்மண் பூசியதுபோல் துரு. இடப்பக்கத்து சைலன்சரின் அடிவயிற்றில் புளியங்கொட்டை அளவுக்கு ஓட்டை.

தாத்தா கோபிக்கவில்லை. அதுதான் எங்களை அதிகம் வருத்தியது. "தார்ப்பாயை எங்க வச்சேன்னே தெரியலை. வண்டி மட்டுமில்லை, என் ஞாபகமும் துருப்பிடிச்சுப் போச்சு. வித்துருப்பா" என்று சாவியை அப்பாவிடம் நீட்டினார். அதன்பின் மாத்திரை சாப்பிட்டோமா இல்லையா என்று இரண்டு மூன்று முறை பாட்டியிடம் கேட்கத் தொடங்கினார். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார்.

அப்பா விற்கவில்லை. தாத்தாவுக்கு வெகுநாள் பழக்கமான மெக்கானிக் பாயை வீட்டுக்கு அழைத்து வந்தார். எடுபிடி வேலைக்கு நாங்கள் வருகிறோம் என்றோம். குற்றமுள்ள நெஞ்சல்லவா? கை வேலை கேட்டது.

சிலிண்டரோடு குழாயைப் பிடித்திருக்கும் வளைய நட் அசையவே இல்லை. "சுத்தியலால அடிச்சா மரை போயிரும் பாப்பா. பொறுமைதான் இதுக்கு மருந்து" என்றார் பாய். மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து மூன்று நாள் மாலையில் சொட்டுச் சொட்டாக விட்டோம். நான்காம் நாள் கொக்கி ஸ்பானரைப் போட்டதும் நட் முனகிக்கொண்டே இளகியது.

குழாய்களின் வெளித்துருவை எடுப்பது எங்கள் பங்கு. உப்புத்தாளால் தேய்த்தால் குரோமியத்தில் கீறல் விழும். ஆகவே சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கச் சொன்னார். குரோமியத்தைவிட அலுமினியம் மென்மையானது. துருவை எடுக்கும், பூச்சைக் கீறாது. பழுப்புக் குழம்பு வழிந்தோட, அடியிலிருந்து வெள்ளி எட்டிப் பார்த்தது. எங்கள் மகிழ்ச்சிக்கு அளவில்லை! ஆயினும் சிறு சிறு குழிகள் போகவில்லை. குரோமியப் பூச்சு மிக மெல்லியது; அதன் நுண்துளைகள் வழியே ஈரம் இறங்கி உள்ளிருக்கும் இரும்பைத் தின்றுவிட்டால், அந்த இரும்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அடுத்து உட்புறம். சைலன்சரின் வால்முனையைக் கழற்றி உள்ளே இருந்த தடுப்புக் குழாயை இழுத்தால், தார்போல் கரி. இது பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து ஊற்றும் வண்டி. எரியாத எண்ணெய் கரியாகப் படிந்து மூச்சை அடைக்கும். மண்ணெண்ணெயும் கம்பிப் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்தோம். பிறகு சோப்புத் தண்ணீரால் பிசுக்கு போகக் கழுவினோம். பிசுக்கு இருந்தால் புளிப்பு துருவைத் தொடாதாம். பாட்டி புளித்தண்ணீர் கரைத்துத் தரட்டுமா என்றார். "அதுவும் துருவை எடுக்கும்மா, கொஞ்சம் மெதுவா எடுக்கும்" என்று சிரித்து, ஓட்டையை ரப்பர் வைத்துக் கட்டி, ஒரு முனையை அடைத்து வினிகரை ஊற்றி ஒரு நாள் வைத்தார் பாய். மறுநாள் கொட்டிவிட்டு, சமையல் சோடா கரைத்த நீரால் புளிப்பை முறித்து, வெயிலில் காயவைத்தோம்.

பிறகு ஸ்பானரால் குழாய் நெடுகத் தட்டினார். நல்ல தகடு 'டிங்' என்றது. மெலிந்த இடம் 'டப்' என்றது. அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டோம். அப்போதுதான் அவர் ஒன்று சொன்னார்: "வெளியே இருக்கிறது மழையோட வேலை. ஆனா இந்த ஓட்டை வெளியிலிருந்து வரலை, உள்ளேயிருந்து வந்திருக்கு."

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருமாம். நீண்ட தூரம் ஓடினால் குழாய் சூடேறி ஆவியெல்லாம் வெளியேறிவிடும். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால், ஆவி குளிர்ந்து தண்ணீராகிக் குழாயின் வயிற்றிலேயே தங்கிவிடும். வாரம் ஒருமுறை நாங்கள் ஆசையோடு கேட்ட ஓசைதான் பல ஆண்டுகளாக உள்ளேயிருந்து அரித்திருக்கிறது!

தோழியரே, உண்மையைச் சொல்கிறோம். அந்தச் சொல் எங்களுக்கு ஒளிந்துகொள்ள நல்ல இடம் தந்தது. ஓட்டைக்கு நாங்கள் காரணமில்லை. இனி எதற்காக வாய் திறக்க வேண்டும்? ஆனால் நிமிர்ந்து பார்த்தால், தாத்தா சட்டைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி அவர் மூக்கின்மேலேயே இருந்தது. "பாத்தீங்களா பாய், எல்லாம் மறந்து போகுது" என்றார்.

அதற்குமேல் எங்களால் தாங்க முடியவில்லை. மாடிக்கு ஓடி, கிழிந்த தார்ப்பாயைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தோம். "நீங்க மறக்கலை தாத்தா. நாங்கதான் எடுத்தோம்" என்றோம். அழுகையில் மற்றது வரவில்லை.

அடி விழும் என்று நினைத்தோம். தாத்தா தார்ப்பாயைப் புரட்டிப் பார்த்தார். "அப்ப நான் அன்னைக்கு மூடித்தான் வச்சிருக்கேன்!" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நாங்கள் பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சற்றுப் பொறுத்துத்தான், "ஏழு மாசமா ஏன்டா கண்ணு சொல்லலை?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றும் எங்களிடம் விடையில்லை.

மறுநாள் பாயின் பட்டறையில் வெல்டிங் நடந்தது. ஓட்டையை மட்டும் அடைத்தால் நிற்காது. மெலிந்த தகடு முழுவதையும் நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்துவிட்டுத்தான் புதுத் துண்டை வைக்க வேண்டும். குரோமியம் சூடுபட்டால் நச்சுப்புகை வரும் என்பதால், ஒட்டுமிடத்தில் அதை முன்னதாகவே தேய்த்து எடுத்துவிட்டு, எங்களைத் தூரப் போகச் சொன்னார். பிறகு கேஸ் வெல்டிங்கில் சிறு சுடர் வைத்து நிதானமாக ஒட்டி, சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்ட் பூசினார். அந்த ஒட்டு இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. மறுபடி குரோமியம் பூசலாமா என்று அப்பா கேட்டதற்கு, "இருக்கட்டும், அதுவும் வண்டியோட கதைதான்" என்றார் தாத்தா.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் வண்டியைத் தெருவுக்குத் தள்ளிவந்து ஸ்டார்ட் செய்தார்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு இருப்பதால் மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிடக் கூடாது. இரண்டு குழாயும் ஒருசேரப் பேசின. அப்பா ஓட்ட, தாத்தா பின்னால் அமர்ந்து சிறுமலை அடிவாரம் வரை போய்வந்தார். இப்போது மாதம் இருமுறை, குறைந்தது அரைமணி நேரம் வண்டி ஓடுகிறது. புதுத் தார்ப்பாய் வாங்க எங்கள் உண்டியல் காசைக் கொடுத்தோம். வண்டியை மூடுவது எங்கள் பொறுப்பு. சரியாக மூடினோமா என்று பார்ப்பது தாத்தாவின் பொறுப்பு. இதுவரை ஒரு நாளும் அவர் மறக்கவில்லை.

அன்புத் தோழியரே, வெளித்துரு கண்ணுக்குத் தெரியும், தேய்த்தால் போகும். சொல்லாமல் உள்ளே வைத்திருப்பது ஈரம்போல் தங்கி அரிக்கும். அது நம்மை அரிப்பதோடு நில்லாமல் நாம் நேசிப்பவரையும் அரிக்கும் என்பதை நாங்கள் தாமதமாகக் கற்றோம். உங்கள் வீட்டு மாடியிலும் ஏதேனும் ஒரு தார்ப்பாய் ஒளிந்திருந்தால், இன்றே எடுத்து வந்துவிடுங்கள்.

— சகோதரியர் இருவர்,
பதினொன்றாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு