நிழற் சட்டைக்கு நியாய விலை

துணிக்கடைக்காரர் ஒருவர் நம்மை அழைத்து, "இதோ ஓர் அருமையான சட்டை, விலை 700 ரூபாய். ஆனால் இதனை நீங்கள் உடுத்த இயலாது. வீட்டிற்கு எடுத்துச் செல்லவும் இயலாது. நான் கடையை மூடும் நாளில் சட்டையும் மறைந்துபோகும்" என்று சொல்வாராயின், நாம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுவோம். எனினும் இத்தகைய சட்டைகள் இன்று உலகெங்கும் கோடிக்கணக்கில் விலைபோகின்றன. வாங்குவோரில் பலர், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பின்வரிசையைத் தேடி அமரும் நம் பிள்ளைகளின் வயதினர். பெற்றோருக்கோ பணம் போன பின்னரே செய்தி தெரிகிறது. ஆதலின் இச்சட்டைகளுக்கு விலை எவ்வாறு குறிக்கப்படுகிறது என்பதைக் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

கைப்பேசி விளையாட்டுகளைப் பற்றி ஒன்றும் அறியாத தாத்தா பாட்டிமாருக்காக முதலில் ஒரு சொல். நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, ஒருவரையொருவர் வீழ்த்தி, இறுதியில் எஞ்சி நிற்பவர் வெல்லும் ஆட்டங்கள் உண்டு. அமெரிக்காவின் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஃபோர்ட்நைட் அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. ஆடுவதற்குக் கட்டணம் இல்லை. திரையில் நமக்குப் பதிலாக ஓடியாடும் பொம்மை மனிதனுக்கு அணிவிக்கும் உடை, முதுகுப்பை, நடன அசைவு ஆகியவற்றுக்கே காசு. அவ்வுடையைப் பிள்ளைகள் 'ஸ்கின்' என்பர். தோல் என்று பொருள். உடையால் வேகம் கூடாது. குறியும் தப்பாமல் பாயாது. நம் இளைஞர் இயக்கத்துப் பிள்ளைகள் ஒரு மாலை இவற்றையெல்லாம் நமக்குப் பொறுமையாகக் கற்பித்து, ஆட்டத்திலும் இறக்கிவிட்டனர். இரண்டு நிமிடங்களில் நாம் வீழ்ந்தோம். பகட்டான உடை அணிந்திருந்தும் வீழ்ந்தோம் என்பதை ஈண்டுக் குறிப்பிடல் தகும்.

விற்போர் பக்கத்து நியாயத்தையும் மறைத்தல் ஆகாது. வலிமையையே விலைக்கு விற்கும் விளையாட்டுகள் உள்ளன. அவற்றில் காசுள்ளவன் வெல்வான், இல்லாதவன் வீழ்வான். உடையை மட்டும் விற்பது அதனினும் நேர்மையானது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தரும் காசில் வசதியற்ற வீட்டுப் பிள்ளை இலவசமாக ஆடுகிறான். உடையை வரைந்த கலைஞனுக்குக் கூலி வேண்டாமா? மேலும், அலங்காரத்தை வெறுப்பவர்கள் அல்லர் நாம். திருவிழாவில் அன்னையின் சொரூபத்திற்குப் பட்டுச் சாத்தவும், தேருக்கு மின்விளக்கு கட்டவும் எவ்வளவு செலவிடுகிறோம் என்பதைப் பங்குக் கணக்குப் புத்தகம் அறியும்.

இவ்வணிகத்தின் தொடக்ககால நிகழ்ச்சி ஒன்று நகைப்புக்கு இடமானது. 2006 ஏப்ரலில் பெதஸ்தா என்னும் அமெரிக்க நிறுவனம், 'ஒப்லிவியன்' என்ற தன் விளையாட்டில் வரும் குதிரைக்கு ஒரு கவசத்தை விற்பனைக்கு வைத்தது. விலை இரண்டரை டாலர். முழு விளையாட்டையும் காசு கொடுத்து வாங்கியிருந்தவர்கள், இல்லாத குதிரைக்கு இல்லாத கவசமா என்று எள்ளி நகையாடினர். சந்தையில் அடிமையைவிடக் குதிரைக்கு அதிக விலை கிடைப்பதுண்டு என்று புனித அகுஸ்தீனார் தம் 'இறைவனின் நகர்' நூலில் எழுதினார். பொம்மைக் குதிரையை அவர் எண்ணியிருக்கமாட்டார். எனினும் அக்கவச விற்பனையில் ஓர் ஒழுங்கு இருந்தது. இதோ பொருள், இதோ விலை, வேண்டுமாயின் எடு என்பதே அது. பின்னர் வந்தவர்கள் இந்த எளிமையை வைத்துக்கொள்ளவில்லை.

முதலில் நாணயத்தை மாற்றினர். ஃபோர்ட்நைட்டில் பெரும்பாலான உடைகளை டாலரைக் கொடுத்து நேரே வாங்க இயலாது. 'வி-பக்ஸ்' என்னும் அவர்தம் சொந்த நாணயத்தை முதலில் வாங்கவேண்டும். 2023 அக்டோபரில் அமெரிக்காவில் 1000 வி-பக்ஸ் கொண்ட கட்டின் விலை 8.99 டாலர். உடைகளோ 800, 1200, 1500, 2000 என்று விலை குறிக்கப்பட்டிருந்தன. 1200க்கு ஓர் உடை விரும்பும் சிறுவன் என்ன செய்வான்? ஒரு கட்டு போதாது. இரண்டு வாங்கினால் 800 எஞ்சும். எஞ்சியதைத் திருப்பிக் கொடுத்துக் காசாக்க வழியில்லை. அடுத்து அவன் கண் 1500 விலையுள்ள உடைமேல் விழுந்தால் 700 குறையும். மீண்டும் ஒரு கட்டு வாங்க, இம்முறை 300 எஞ்சும். பை எளிதில் சரியாகக் காலியாவதில்லை. திருவிழாத் திடலில் ராட்டினத்திற்கு டோக்கன் வாங்குவோர் இதனை ஓரளவு அறிவர். கையில் இருப்பது காசு என்ற நினைவே டோக்கனில் மங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகள் 2025 மார்ச்சில், விலையை உண்மைப் பணத்திலும் காட்டவேண்டும், தேவைக்கு மேல் விளையாட்டு நாணயம் வாங்குமாறு நிர்ப்பந்தித்தல் கூடாது என்று நெறிகள் வகுத்தனர்.

அடுத்து நேரத்தை விலையோடு பிணைத்தனர். உடைகள் கடையில் நிலையாக இருப்பதில்லை. மணி இறங்கிக்கொண்டே வரும். முடிந்ததும் உடை மறையும் என்று திரை அச்சுறுத்தும். நெதர்லாந்து நாட்டின் நுகர்வோர் ஆணையம் 2024 மே மாதம் எபிக் நிறுவனத்திற்கு 11 இலட்சம் யூரோவுக்கு மேல் தண்டம் விதித்தது. பிள்ளைகளை உடனே வாங்குமாறு தூண்டிய சொற்களும், நேரத்தைத் தவறாகக் காட்டிய இறங்குமணிகளும் அதற்குக் காரணம் என ஆணையம் கூறியது. நிறுவனம் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. பருவச்சீட்டு என்று மற்றொன்றும் உண்டு. ஃபோர்ட்நைட்டில் பல ஆண்டுகள் அதன் விலை 950 வி-பக்ஸ். சீட்டை முன்கூட்டியே வாங்கிவிட்டு, பருவம் முடிவதற்குள் ஆடி ஆடிப் பரிசுடைகளை ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டும். ஆடாவிட்டால் கொடுத்த காசு வீண். தேர்வுக் காலத்து இரவு பதினொரு மணிக்கும் பிள்ளை கைப்பேசியை விடாததற்கு ஆசை மட்டுமன்று, வட்டி கட்டுபவனின் மனநிலையும் காரணமாகலாம் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்ப்பார்களாக.

எல்லாவற்றினும் கொடிது குலுக்கல். கவுன்டர்-ஸ்ட்ரைக் என்னும் துப்பாக்கி ஆட்டத்தில் வால்வ் நிறுவனம் 2013 ஆகஸ்டில் பூட்டிய பெட்டிகளைப் புகுத்தியது. திறவுகோலின் விலை 2.49 டாலர். உள்ளே இருப்பது எந்த வண்ணத்துத் துப்பாக்கியுறை என்பது திறந்தபின்தான் தெரியும். இத்தகைய பெட்டிகளில் எப்பொருள் எத்தனைக்கு ஒன்றாகக் கிட்டும் என்பதை அறிவிக்கவேண்டும் எனச் சீன அரசு 2017இல் விதித்தபோது, அங்கே வெளியான கணக்கின்படி, யாவரும் ஏங்கும் அரிய கத்தி ஆயிரம் பெட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் மட்டுமே கிட்டும். 2018 ஏப்ரலில் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் இவ்விளையாட்டின் பெட்டிகளையும் ஆராய்ந்து, இவை சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று அறிவித்தது. நம் ஊர்த் திருவிழாக்களில் வளையம் எறிந்து சோப்புப்பெட்டி வெல்லும் கடையைக் கண்டிருக்கிறோம். அங்கே எறிபவனின் கைத்திறனுக்காவது சிறிது இடமுண்டு.

அமெரிக்காவில் 2022 டிசம்பரில் வெளிவந்த செய்தி ஒன்றையும் சொல்லவேண்டும். ஃபோர்ட்நைட்டில் ஒரு பொத்தானைத் தவறி அழுத்தினாலே பணம் கழிந்துவிடும் வகையில் அமைப்பு இருந்ததென்றும், பெற்றோர் அறியாமலே பிள்ளைகள் வாங்க முடிந்ததென்றும் அந்நாட்டு வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. வாங்கியோருக்குத் திருப்பித் தருவதற்கென 24 கோடியே 50 இலட்சம் டாலர் செலுத்த எபிக் நிறுவனம் உடன்பட்டது. கடல் கடந்த பெற்றோருக்கும் நம் பெற்றோருக்கும் இதில் வேறுபாடு இல்லை. அங்கே கேட்பதற்கு ஓர் ஆணையம் இருந்தது என்பதைத் தவிர.

நம் பங்கில் வீட்டிலிருந்து தையல் தொழில் செய்யும் தாய் ஒருவர் உள்ளார். எட்டாம் வகுப்பில் பயிலும் அவர் மகன், பள்ளிக் கட்டணத்திற்கெனக் கணக்கில் வைத்திருந்த பணத்திலிருந்து இரண்டே நாள்களில் 1600 ரூபாயை ஓர் ஆட்டத்தின் உடைக்குச் செலவிட்டுவிட்டான். ஆட்டத்தின் பெயர் இங்கு வேண்டாம். அத்தாய் மகனையும் கைப்பேசியையும் நம்மிடம் கொண்டுவந்தார். "அந்தச் சட்டைய எனக்குக் காட்டுடா" என்று கேட்டு, திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "காலர் நல்லாத்தான் வெட்டியிருக்கான் சாமி" என்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. ஒரு சட்டையை முழுதும் தைத்துக் கொடுத்தால் தமக்கு என்ன கிடைக்கும் என்பதை அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

பையனிடம் தனியே பேசினோம். "சும்மா கிடைச்ச டிரஸ்ல போனா 'நூப்'னு சொல்லுவாங்க ஃபாதர். டீம்லயே சேர்த்துக்க மாட்டாங்க" என்றான். ஒன்றும் அறியாத புதியவன் என்று அச்சொல்லுக்குப் பொருளாம். ஃபோர்ட்நைட் ஆடும் மேல்நாட்டுப் பிள்ளைகளிடையேயும் இலவச உடையின் பெயரே வசைச்சொல்லாக வழங்கியது. 2022 பிப்ரவரியில் நம் அரசு தடைசெய்யும் வரை நம் பிள்ளைகள் பெரிதும் ஆடிய ஃப்ரீ ஃபயர் ஆட்டத்தில், காசு கொடாதவனுக்குக் கிடைத்த பாத்திரத்தின் பெயர் ஆதாம்! ஆதாமாக வந்தவன் எள்ளப்பட்டான். தொடக்கநூலின் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தோர்க்கு இது சுருக்கென்று தைக்கும். அங்கே வெட்கமுற்று நின்ற ஆதாமுக்கும் ஏவாளுக்கும் ஆண்டவரே தோலாடை செய்து உடுத்துகிறார்; விலை கேட்கவில்லை.

குருமடத்தில் நாம் பயின்ற பாடம் ஒன்று அன்றிரவு நினைவுக்கு வந்தது. புனித தோமா அக்குவினாஸ் தம் 'இறையியல் தொகுப்பில்', ஒரு பொருளை அதன் மதிப்புக்கு மேல் விற்கலாமா என்று வினவுகிறார். இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதி, 77ஆம் வினா. நியாய விலையை அணுவளவும் பிசகாமல் வரையறுக்க இயலாது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஒரு பொருளைப் பிரிவதால் விற்பவனுக்கு இழப்பு நேருமாயின், அவ்விழப்பையும் சேர்த்து விலை கூறலாம் என்கிறார். ஆனால் விற்பவனுக்கு இழப்பு ஏதுமில்லை, வாங்குபவனுக்கோ அப்பொருள் பெரிதும் தேவைப்படுகிறது என்றால், அத்தேவையைக் காரணமாகக் கொண்டு விலையை ஏற்றுதல் ஆகாது. அத்தேவை வாங்குபவனின் நிலையிலிருந்து பிறப்பது. தனக்குரியதல்லாத ஒன்றை எவனும் விற்கலாகாது என்பது அவர் தரும் காரணம்.

மாணவப் பருவத்தில் இதனை நாம் பஞ்சகாலத்து நெல் வணிகனை மனத்தில் கொண்டே படித்தோம். நிழற் சட்டைக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்பது இப்போதுதான் விளங்குகிறது. ஒருமுறை வரைந்த உடையை இலட்சமாவது பிள்ளைக்குக் கொடுப்பதால் நிறுவனம் இழப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. வரைந்தவனின் கூலி என்றோ தீர்ந்திருக்கும். ஓர் உடைக்கு 800, மற்றொன்றுக்கு 2000 என்னும் வேறுபாடு நூலின் விலையுமன்று, தையற்கூலியுமன்று. பிள்ளைகள் எதற்கு எவ்வளவு ஏங்குவர் என்பதன் அளவு. இலவச உடையில் போனால் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள் என்ற அச்சம் அப்பையனுடையது. அதைத்தான் அவனுக்கே விற்றிருக்கிறார்கள். இறங்குமணியை வைத்து அவ்வச்சத்தை வளர்ப்பவர்களும் அவர்களே. ஆடம்பரப் பொருளை யாரும் வாங்கியே ஆகவேண்டும் என்பதில்லையே என நிறுவனத்தார் கூறக்கூடும். நாற்பது வயதினரிடம் அதைக் கூறலாம். பதின்மூன்று வயதினனிடம் அது செல்லாது.

எனினும் நிறுவனங்களை மட்டும் குறைகூறி ஓய்வது நமக்கு உவப்பாயில்லை. பொன்மோதிரமும் பளபளப்பான உடையும் அணிந்து வருபவனுக்கு நல்ல இருக்கையையும், கந்தையுடுத்தியவனுக்கு நிற்கும் இடத்தையும் கொடுப்போரைப் புனித யாக்கோபு கடிந்துகொண்டது, விளையாட்டுத் திடலில் அன்று, சபைக் கூட்டத்தில். நம் பங்கில் புதுநன்மை வாங்கும் பிள்ளைகள் யாவருக்கும் ஒரே துணியில், ஒரே தையலில் வெள்ளை அங்கி என்று விதித்தபோது எழுந்த முணுமுணுப்பை நாம் மறக்கவில்லை. முணுமுணுத்தவர்கள் பிள்ளைகள் அல்லர்.

பெற்றோர் உடனே செய்யக்கூடியது ஒன்றுண்டு. கைப்பேசியின் கூகுள் பிளே அமைப்பில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்குமாறு செய்துவிடலாம். அச்சொல் பெற்றோரிடம் மட்டும் இருக்கட்டும். யுபிஐ இரகசிய எண்ணையும் பிள்ளைகளிடம் சொல்லவேண்டாம். அமைக்கத் தெரியாதோர் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் மறைக்கல்வி ஆசிரியர்களை அணுகலாம். பிள்ளை எதையேனும் வாங்கித் தரக் கேட்டால், அவர்தம் நாணயக் கணக்கை ரூபாயாக மாற்றி ஒரு தாளில் எழுதிக் காட்டுமாறு அவனையே கேளுங்கள். எஞ்சும் சில்லறையையும் சேர்த்து எழுதவேண்டும்.

அத்தாய் நம்மிடம் வருவதற்கு முன்பே தம் முடிவைச் செய்திருந்தார். மகனை அடிக்கவில்லை, ஆட்டத்தை அழிக்கவுமில்லை. சனிக்கிழமைகளில் அவன் தாயருகே அமர்ந்து ரவிக்கைகளுக்குக் கொக்கி வைக்கவேண்டும். ஒரு ரவிக்கைக்கு 5 ரூபாய் கணக்கு. 320 ரவிக்கைகள் ஆகும் என்று பையனே கணக்கிட்டுச் சொன்னான். இதனை எழுதும் நாளில் எண்பதைத் தாண்டிவிட்டான். தொடக்கத்தில் வைத்த கொக்கிகள் கோணலாயிருந்தமையால் அவற்றைப் பிரித்து மீண்டும் வைக்கச் சொன்னாராம் தாய். அவை கணக்கில் சேரவில்லை.