சொல்தா தாத்தாவின் விண்கப்பல்

அண்மையில் நண்பர்கள் சிலர் கூடியிருந்தபோது, அவரவர் முதன்முதலில் எதிர்கொண்ட அறிவியல் புனைகதை எது என்று பேச்சு எழுந்தது. எதிர்பார்த்தபடியே பெரும்பாலானோர் சுஜாதாவின் பெயரைச் சொன்னார்கள். என் முறை வந்தபோது ‘ஸ்டார் டிரெக்’ என்றேன். ஆங்கிலத்திலா பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். இல்லை, தமிழில் என்றேன். சிரித்தார்கள். எண்பதுகளின் நடுவில் தூர்தர்ஷன் ஞாயிறு காலைகளில் ஒளிபரப்பிய அந்தத் தொடர் ஆங்கிலத்தில்தான் வந்தது என்பது எனக்கும் தெரியும். ஆயினும் நான் சொன்னது பொய்யன்று.

எங்கள் ஊர் பாகூர் ஏரிப்பாசனத்தில் நெல் விளையும் சிற்றூர்களுள் ஒன்று. ‘பிரெஞ்சுப் பாண்டி’ என்றவுடன் உங்கள் நினைவுக்கு வரக்கூடிய கடற்கரைச் சாலையும் மஞ்சள் சுவர்களும் எங்களுக்கு இருபது கிலோமீட்டர் தொலைவில் இருந்தன. பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் உட்பகுதிகளில் பிரான்சு என்பது வயல்களுக்கு அப்பால் தெரியும் ஒரு மாடிவீடு. அதில் பிரெஞ்சு அரசின் ஓய்வூதியம் பெற்றுவரும் ஒரு முதியவர். ஊரார் அவரைச் ‘சொல்தா’ என்பார்கள். படைவீரனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் எங்கள் வாயில் அப்படி ஆகியிருந்தது. 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி நிறைவேறியது. அதன்பின்னும் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களுள் அவர் ஒருவர். இந்தோசீனப் போரில் இருந்தவர். சைகோன், தோங்கின் என்று இரண்டு ஊர்ப்பெயர்கள் மட்டும் அவர் வாயிலிருந்து வரும். அதற்குமேல் வராது.

ஊரின் முதல் தொலைக்காட்சிப் பெட்டி அவர் வீட்டிற்குத்தான் வந்தது. இழுத்து மூடும் மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளைச் சாலிடேர். சென்னையில் செய்த பெட்டிதான் என்றாலும், “அது எங்க பாஷைப் பேரு. எல்லாரும் ஒண்ணா நிக்கறதுன்னு அர்த்தம்” என்று பெருமையாகச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கூடத்தில் முப்பது நாற்பது பிள்ளைகள் ஒட்டி உட்கார்ந்திருந்த நிலைக்கு அப்பெயர் பொருத்தமாகவே இருந்தது.

எங்களுள் ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. தாத்தாவுக்குப் பிரெஞ்சு தெரியும். ஆங்கிலமும் தெரியும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அவர் மறுக்கவில்லை. சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடி, திரையில் யார் வாயசைத்தாலும் உடனுக்குடன் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். கிர்க்கை ‘கப்பித்தேன்’ என்பார். ஸ்பாக் ‘காதுநீட்டி’. மருத்துவர் மெக்காய் எந்நேரமும் எரிந்துவிழுவதால் ‘கோவக்கார தொக்தேர்’. விண்கப்பலில் ஆணை எப்படி இறங்கிவரும், யார் யாருக்கு வணக்கம் வைக்க வேண்டும், காவலில் தூங்கினால் என்ன தண்டனை என்பவையெல்லாம் அவருடைய மொழிபெயர்ப்பில் மிக விரிவாக இருக்கும். 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போய்வந்த செய்தி எங்கள் காதில் அப்போதும் ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் இந்தக் கப்பலில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்று ஒருவன் கேட்டான். அன்று அவருக்கு விடுப்பு என்றார் தாத்தா, சிறிதும் தயங்காமல்.

வேற்றுக்கிரகவாசிகள் எங்களுக்கு முற்றிலும் புதியவர்களும் அல்லர். என் பாட்டி 1963இல் வந்த ‘கலை அரசி’யைக் கொட்டகையில் பார்த்திருந்தாள். ஏ. காசிலிங்கம் இயக்கிய அந்த எம்.ஜி.ஆர். படத்தில், அறிவியலில் முன்னேறிக் கலையில் பின்தங்கிப்போன ஒரு கிரகத்தார், பாடக் கற்றுத்தருவதற்காகப் பூமியிலிருந்து பானுமதியைக் கவர்ந்து செல்வார்கள். எண்டர்பிரைஸ் எந்தக் கோளில் இறங்கினாலும் பாட்டி வாசற்படியிலிருந்து கேட்பாள்: “பானுமதியத் தூக்கினு போனாங்களே, அந்த ஊராய்யா இது?” எனக்கு இன்றும் அந்தக் கேள்வியில் ஒரு மதிப்பு உண்டு. மேலை நாட்டுக் கதைகளில் அயலான் வந்தால் பெரும்பாலும் நிலத்துக்கோ உயிருக்கோ வருவான். நம்மவன் பாட்டுக்காக வந்தான்.

சில வாரங்களில் திரையில் புள்ளிகளைத் தவிர வேறெதுவும் தெரியாது. மாடியில் ஒருவன் ஆன்டெனாவைத் திருப்ப, வாசலில் ஒருவன் கூவ, கூடத்திலிருந்து நாங்கள் “வந்துச்சி, வந்துச்சி, போயிடிச்சி” என்போம். வானத்திலிருந்து ஏதோ வருமென்று காத்திருந்து ஏமாறுவது எங்கள் மண்ணுக்குப் புதிதன்று. சூரியனை வெள்ளி கடப்பதைக் காண ல ழாந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர் புறப்பட்டு வந்தார். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் போய்விட்டதால் கடலிலேயே நின்று தவறவிட்டார். எட்டாண்டுகள் கீழ்த்திசையிலேயே தங்கி, 1769 ஜூன் 4 காலை புதுச்சேரியில் கருவிகளோடு காத்திருந்தார். சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்தபின் வெயில் அடித்தது.

நான் சொல்ல வந்தது ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

அன்று காட்டிய கதை நிலத்தடிச் சுரங்கத்தில் நடந்தது. பாறையைக் கரைத்துக்கொண்டு வரும் ஏதோவொன்று சுரங்கத் தொழிலாளர்களை எரித்துக் கொல்கிறது. கப்பித்தேனும் காதுநீட்டியும் துப்பாக்கியோடு இறங்குகிறார்கள். சுரங்கத் தலைவனின் மேசையில் பந்து போல ஓர் உருண்டை இருக்கிறது. அதுபோல ஆயிரக்கணக்கில் கீழே கிடப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள். பிறகு அந்தப் பிராணி வந்தது. அடுப்பிலிருந்து சரிந்து ஆறிப்போன கேழ்வரகுக் களி ஊர்ந்துவருவது போலிருந்தது. நாங்கள் கத்தினோம். தாத்தா பேசவில்லை. “என்ன சொல்றாங்க தாத்தா?” என்று பலமுறை கேட்டபின் மெல்லச் சொன்னார்: “அது தாய்டா. அந்த உருண்டையெல்லாம் முட்ட. இவனுங்க உடைச்சிட்டானுங்க.”

அதன்பின் நெடுநேரம் மொழிபெயர்ப்பு இல்லை. காதுநீட்டி அப்பிராணியின் மேல் கைவைத்து அலறியபோதும் இல்லை. இறுதியில் எல்லோரும் சிரித்தபடி கப்பலில் நின்றபோது மட்டும், “தப்பு தெரிஞ்சிடுச்சி. எல்லாரும் மூட்டை கட்டிக்கினு அந்த எடத்த விட்டுப் பூட்டாங்க” என்றார். நாங்கள் கலைந்தோம்.

1987 ஜனவரியில் ஞாயிறு காலைகளை இராமாயணம் எடுத்துக்கொண்டது. அதுவும் எங்களுக்குப் புரியாத மொழிதான். ஆனால் அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அதற்குள் ஊரில் வேறு பெட்டிகளும் வந்துவிட்டன. தாத்தாவின் கூடம் காலியாயிற்று.

கல்லூரிக்குப் போன காலத்தில் எனக்கு ஆங்கிலம் வந்திருந்தது. அதற்குரிய செருக்கும் கூடவே வந்திருந்தது. புதுச்சேரிக் காந்தி வீதியின் ஞாயிற்றுச் சந்தையில், பழைய புத்தகக் குவியலில், ஸ்டார் டிரெக் கதைகளை ஜேம்ஸ் பிளிஷ் உரைநடையாக்கிய தொகுதிகளில் ஒன்று கிடைத்தது. அதில் ‘இருளில் ஒரு சாத்தான்’ என்று பொருள்படும் தலைப்பில் அந்தச் சுரங்கக் கதை இருந்தது. அங்கேயே நின்று படித்தேன். பிராணியின் பெயர் ஹார்ட்டா. மணற்சத்தான சிலிக்கானால் ஆன உயிர். தாய்தான், உருண்டைகள் முட்டைகள்தாம். ஆனால் முடிவு வேறு. தொழிலாளர்கள் எங்கும் போகவில்லை. ஹார்ட்டாக்கள் சுரங்கம் தோண்டும். மனிதர்கள் பின்னால் சென்று கனிமத்தை அள்ளிக்கொள்வார்கள். இருவருக்கும் உடன்பாடு; மனிதர்களுக்குக் கொள்ளை இலாபம்.

பாகூர்ப் பேருந்தைப் பிடித்து நேரே அவர் வீட்டிற்குப் போனேன். எதற்காகப் போனேன் என்பதை இப்போது எழுதக் கூசுகிறது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதை அவர் முன்னால் நிறுவ வேண்டும்; அவ்வளவுதான். அவர் சாய்வு நாற்காலியில்தான் இருந்தார், மிகவும் மெலிந்து. புத்தகத்தைக் காட்டி, “நீங்க தப்பாச் சொல்லிட்டீங்க தாத்தா. அவங்க போவல, அங்கேயே இருந்தாங்க” என்றேன்.

அவர் புத்தகத்தை வாங்கி அட்டையைத் தடவிப் பார்த்தார். “இருந்தாங்களா?” என்றார். சற்றுப் பொறுத்து, “அப்ப அவளுக்கு அது நல்லதில்லியே தம்பி” என்றார்.

பின்பு நான் கேட்காமலே பேசினார். தோங்கினில் ஒரு கிராமத்தைச் சோதனையிட்டபோது, வைக்கோல் போட்டு மூடிய குழி ஒன்றின் வாயில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாளாம். விலகச் சொன்னார்கள்; விலகவில்லை. இழுத்துத் தள்ளிவிட்டுக் குழிக்குள் கையெறிகுண்டைப் போட்டார்கள். “பதுங்குகுழின்னு நினைச்சோம்” என்றார். குழியில் என்ன இருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பகுதியை முழுமையாகப் பார்த்தேன். ஜீன் கூன் எழுதியது. அமெரிக்காவில் 1967 மார்ச் 9இல் முதன்முறை ஒளிபரப்பானது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், அதே வியட்நாமில், சைகோனுக்கு வடக்கே, அமெரிக்கப் படைகள் ‘சீடர் ஃபால்ஸ்’ என்று பெயரிட்ட தாக்குதலில் நிலத்தடிச் சுரங்கங்களைத் தேடித்தேடி அழித்துக்கொண்டிருந்தன. எழுதியவரின் மனத்தில் அது இருந்ததோ இல்லையோ, பாகூரில் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருடைய மனத்தில் இருந்தது வேறொரு குழி. தொடரின் மிகச்சிறந்த பகுதிகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஜானோஸ் புரோஹாஸ்கா என்ற கலைஞர் தாமே வடிவமைத்த அந்த உருவத்துக்குள் தவழ்ந்தபடி நடித்த நடிப்புக்காகவே பார்க்கலாம். ஆனால் அந்த இறுதி உடன்பாட்டை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. உடைத்த முட்டைகளுக்கு அங்கே ஒருவரும் கணக்குச் சொல்வதில்லை. அவ்விடத்தில் தாத்தாவின் மொழிபெயர்ப்பே மூலத்தைவிட நேர்மையானது என்று எண்ணுகிறேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். பிராணி தாய் என்பது படத்தில் மிகவும் பிந்தித்தான் சொல்லப்படுகிறது. தாத்தா அதை வெகு முன்னரே சொல்லியிருந்தார். அன்று பேருந்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று நான் இதைத்தான் கேட்டிருந்தேன்: “இங்கிலீஷும் தெரியாது, முட்டைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“அது ஓடல தம்பி” என்றார். “துப்பாக்கிய நீட்டறான், அது ஓடல. அங்கேயே நிக்குது.”

புத்தகத்தைத் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.