வாடை வந்த வழி

அக்டோபர் 19, சனி

மூன்று நாள் மழை விட்டு இன்றுதான் வெயில் எட்டிப் பார்த்தது. அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வண்டியை எடுத்தேன். ஏசியைப் போட்டதும், நனைந்த துணியை இரண்டு நாள் வாளியிலேயே விட்டதுபோல் ஒரு வாடை. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடா இது, மக்கின வாடை?" என்றார்.

மின்சாரக் கார் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. இதில் எஞ்சின் சத்தமோ புகையோ பெட்ரோல் நெடியோ கிடையாது. அதனால் சின்ன வாடைகூடத் தனித்துத் தெரிகிறது. வழியில் கார் உதிரிபாகக் கடையில் விசாரித்தால் வாசனை டப்பாவை நீட்டினார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அதை மாட்டினால் கோளாறு அப்படியே இருக்கும்; அதைக் காட்டிக்கொடுக்கும் வாடை மட்டும் மறைந்துபோகும்.

அக்டோபர் 20, ஞாயிறு

கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, டேஷ்போர்டின் இடப்பக்கப் பெட்டியைக் கழற்றினேன். அதன் பின்னால்தான் கேபின் ஃபில்டர் இருக்கிறது. உருவி எடுத்தபோது மனசு கலங்கிவிட்டது. வெள்ளையாக இருக்க வேண்டியது சாம்பல் நிறத்தில் இருந்தது. மடிப்புகளுக்குள் வேப்பிலைச் சருகு, செத்த வண்டு ஒன்று, எலிப்புழுக்கை நான்கு. இதன் வழியாக வந்த காற்றைத்தான் அம்மா சுவாசித்திருக்கிறார். வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்துவதன் பலன் இது. காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி பார்த்துப் புது ஃபில்டரைப் பொருத்தினேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

வாடை குறைந்ததே தவிரப் போகவில்லை. தெரிந்த மெக்கானிக் தம்பி வந்தார். ஏசியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

"தரை காஞ்சு கிடக்கு சார். இந்நேரம் தண்ணி சொட்டியிருக்கணும்."

ஏசி காற்று குளிரும்போது அதிலுள்ள ஈரம் கூலிங் காயிலின் மேல் நீராகப் படியும். அந்த நீர் ஒரு சிறு குழாய் வழியே ரோட்டில் சொட்ட வேண்டும். குழாய் அடைத்தால் நீர் வண்டிக்குள்ளேயே இறங்கும். தூசியும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். இடப்பக்கம் கால் வைக்கும் இடத்தில் மிதியடியைத் தூக்கி, கார்பெட்டை உள்ளங்கையால் அழுத்தினேன். மேலே காய்ந்திருந்தது, அழுத்தியதும் விரல் இடுக்கில் தண்ணீர் ஊறி வந்தது.

தம்பி குழாயை மெதுவாக ஊதிச் சுத்தம் செய்தார். ஒரு டம்ளர் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. காயிலுக்கு நுரை மருந்து அடித்தார். குளிர்விக்கும் திரவமான கூலன்டின் அளவையும் பார்த்தார், சரியாக இருந்தது. கூலன்ட் கசிந்தால் வாடை இனிப்பாக இருக்குமாம், கண்ணாடியில் பிசுக்குப் படியுமாம். கிளம்பும்போது, "ஆரஞ்சு கலர் ஒயர் எதுலயும் கை வைக்காதீங்க சார்" என்று இரண்டு தடவை சொன்னார். அதில் இருப்பது பேட்டரியின் உயர் மின்னழுத்தம், முந்நூறு வோல்ட்டுக்கு மேல். அந்தப் பக்கம் பயிற்சி பெற்றவர்கள்தான் போக வேண்டும்.

கார்பெட்டுக்கு அடியிலிருந்த ஃபோமை மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைக்கப் போகிறேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

ராத்திரி பத்து மணி. காருக்குச் சார்ஜ் போட்டிருந்தேன். அம்மா வாசலில் நின்று கேட்டார்: "இன்னிக்கு யாரும் மீன் வாங்கலையே, எங்கேருந்துடா கவிச்சி?"

காருக்குள் முகர்ந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. சார்ஜ் சாக்கெட் இருக்கும் சுவர்ப் பக்கம் போனதும் கவிச்சி முகத்தில் அடித்தது. பிளக்குக்கு அருகே கையைக் கொண்டுபோனாலே அனல். மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு, ஆறும்வரை அங்கேயே நின்றேன். சாக்கெட்டின் பிளாஸ்டிக் சூடேறிக் கருகும்போது மீன் வாடை வரக்கூடும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அக்டோபர் 30, புதன்

எலக்ட்ரீஷியன் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு ஸ்குரூ தளர்ந்து, ஒயரின் நுனி கறுத்து, பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. அயர்ன் பாக்ஸ் அரை மணி நேரம்தான் ஓடும். கார் சார்ஜரோ கிட்டத்தட்ட 15 ஆம்பியரை ஏழெட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். தளர்ந்த இணைப்பு அதைத் தாங்காது. 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் தனி லைன், கனமான இண்டஸ்ட்ரியல் சாக்கெட், தனி எம்சிபி எல்லாம் போட்டு, எர்த்தையும் சோதித்துக் கொடுத்தார். அம்மாவின் மூக்கு இல்லாவிட்டால் விடிவதற்குள் என்ன ஆகியிருக்குமோ.

நவம்பர் 3, ஞாயிறு

வீடு வந்து சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசியை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுகிறேன். காயிலின் ஈரம் காய்வதால் பூஞ்சணம் பிடிப்பது குறையும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மக்கல் வாடை என்றால் நிதானமாகத் தேடலாம். கருகல், கவிச்சி என்றால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம்போல நெடியோ, சீறும் சத்தமோ, வண்டிக்கு அடியிலிருந்து வெண்புகையோ வந்தால் அது பேட்டரியாக இருக்கலாம். ஓரமாக நிறுத்தி, எல்லோரும் இறங்கி, தூரமாகப் போய் 101 அல்லது 112-ஐ அழையுங்கள். சாமான் எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

இன்று அம்மாவை மறுபடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். முந்தானை மூக்குக்குப் போகவில்லை. இறங்கியதும் குனிந்து பார்த்தேன். வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டியிருந்தது.