ஏழடி அகலத்தில் ஒரு வாழ்க்கை

மணிக்கு நான்கு மைல். இங்கிலாந்தின் கால்வாய்களிற் படகுகளுக்கு விதிக்கப்பட்டுள்ள உச்ச வேகம் இதுதான். கரையில் நாயுடன் நடைபயின்ற முதியவர் ஒருவர் நம்மை முந்திச் சென்றார். அவசரமே வாழ்வாகிவிட்ட நமக்கு அந்த மந்தகதி இன்பமாகவே இருந்தது. கிராண்ட் யூனியன் கால்வாயில், வாடகைக்கு எடுத்த ஒடுங்கிய படகொன்றில், ஒரு பகற்பொழுதைக் கழிக்கச் சென்றிருந்தோம்.

ஸ்டோக் புரூவர்ன் கிராமத்துக்கு ஏறும் வழியில் ஏழு நீர்ப்பூட்டுகள் உள்ளன. படகை உள்ளே செலுத்திப் பின்கதவுகளை அடைத்து, மேற்புறத்து மதகை இரும்புக் கைப்பிடியால் முறுக்கித் திறந்தால், நீர் பாய்ந்து படகை உயர்த்தும். நீர்மட்டம் சமமான பின்னரே முன்கதவு அசையும். அதன் நீண்ட மரத்தண்டை முதுகு கொடுத்துத் தள்ளவேண்டும். மூன்றாவது பூட்டிலேயே நம் உள்ளங்கைகள் சிவந்துவிட்டன. ஆயினும், "இப்படியே படகில் வாழ்ந்துவிட்டால் என்ன!" என்றார் உடன்வந்த நண்பர். நாமும் ஆமோதித்தோம்.

நண்பகலில் அக்கிராமத்துக் கால்வாய் அரும்பொருட்சாலைக்குச் சென்றோம். பழைய சரக்குப் படகின் அறையொன்று அங்கே கிடந்தது. நீளம் பத்தடி, அகலம் ஏழடிக்கும் குறைவு. அதற்குள்ளேயே அடுப்பு, படுக்கை, அலமாரி எல்லாம். கணவன், மனைவி, மக்கள் அனைவரும் வாழ்ந்த வீடு அது! எஞ்சிய நீளமெல்லாம் நிலக்கரிக்கும் பிற சரக்குக்கும் உரியது. புகையிரதத்தின் போட்டியால் வருவாய் குன்றியபோது, கரையில் வீடு வைத்திருக்க இயலாத படகோட்டிகள் பலர் குடும்பத்தையே படகில் ஏற்றினர். மனைவியும் மக்களும் கூலியில்லாத் தொழிலாளராயினர். ஓரிடத்தில் தங்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஏது? கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜோர்ஜ் சிமித் என்பவரின் இடைவிடாத கிளர்ச்சியின் பயனாக 1877இல் சட்டமொன்று பிறந்தது. ஆனால் அதன் பின்னரும் எழுத்தறியாத தலைமுறைகள் அப்படகுகளில் வளர்ந்தன.

அவர்கள் வாளாவிருந்தவர்களல்லர். 1923இல், கூலிக் குறைப்பை எதிர்த்து, பிரான்ஸ்டன் என்னுமிடத்திற் படகுகளைக் கட்டிப்போட்டுப் பல வாரங்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர்.

பிற்பகலில் பிளிஸ்வேர்த் சுரங்கத்துள் நுழைந்தோம். 1805இல் திறக்கப்பட்ட இச்சுரங்கத்தின் நீளம் ஏறத்தாழ 2,800 மீற்றர். உள்ளே குதிரை நடக்கப் பாதையில்லை. ஆகவே குதிரையைக் குன்றின் மேலாக நடத்திச் செல்ல, மனிதர் இருவர் படகின் இருபுறமும் நீட்டிய பலகைகளில் மல்லாந்து கிடந்து, சுவரைக் காலால் உதைத்து உதைத்தே படகை நகர்த்தினராம். நம் படகையோ எந்திரம் இழுத்துச் சென்றது. மேலிருந்து நீர் சொட்டியது. நண்பரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

வெளிச்சத்துக்கு வந்ததும், காலையில் நாம் ஆமோதித்த வார்த்தை நினைவுக்கு வந்து நம்மை நாணச் செய்தது. அந்த மந்தகதியை நாம் ஒரு நாளைக்கு விலை கொடுத்து வாங்கியிருந்தோம். அவர்களோ அதற்குத் தம் ஆயுளையே கொடுத்திருந்தனர். கால்வாயின் அழகை வியப்பது தவறன்று. ஆனால் வியக்கும் கண், அதை வெட்டிய கைகளையும் அதில் தேய்ந்த கால்களையும் காணத் தவறலாகாது.