பனியே விழாத ஊரின் மலைப் பித்து

கொல்கத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 30 அடி உயரத்தில் இருக்கிறது. ஏறிப் பார்க்க ஊருக்குள் ஒரு குன்றுகூடக் கிடையாது. டிசம்பரில் லேசாகக் குளிர் தட்டினாலே தாத்தா முதல் பேரன் வரை குரங்குக் குல்லாய்க்குள் புகுந்துவிடும் நகரம் இது. ஆனால் இமயமலையில் எந்தக் கணவாய்க்குப் போனாலும், முதுகுப் பையோடு வங்காளி பேசிக்கொண்டு நாலு பேர் எதிரே வருவார்கள்.

நடுத்தர வங்காளிக் குடும்பத்தின் விடுமுறைக்கு ‘தீபுதா’ என்று கேலிப் பெயர் உண்டு. திகா, புரி, டார்ஜிலிங் மூன்றின் முதலெழுத்துகள். ‘தா’ என்றால் அண்ணன் என்பதால் பக்கத்து வீட்டு அண்ணன் பெயர் போலவே ஒலிக்கும். முதல் இரண்டும் கடற்கரை. மூன்றாவதில்தான் வியாதி தொற்றிக்கொள்கிறது.

வியாதி பழையது. ‘15ஆம் சிகரம்’ என்று குறிக்கப்பட்டிருந்த மலைதான் உலகிலேயே உயர்ந்தது என்பதை 1852 வாக்கில் கணக்குப் போட்டுக் கண்டவர் சர்வே துறையின் ராதாநாத் சிக்தார். உயரம் 29,002 அடி என்று 1856இல் வெளியானது. பெயர் மட்டும் எவரெஸ்ட் என்ற வெள்ளைக்காரருக்குப் போய்விட்டது. 1927இல் மவுன்டன் கிளப் ஆஃப் இந்தியா தொடங்கியதும் இந்த ஊரில்தான். அடுத்த ஆண்டே அது ஹிமாலயன் கிளப்போடு இணைந்தது. 1960இல் சுகுமார் ராய் தலைமையில் வங்காளி இளைஞர்கள் நந்தாகுன்டி சிகரம் ஏறினார்கள். செலவுக்குக் கைகொடுத்தது ஆனந்தபஜார் பத்திரிகை. கூடவே போய் எழுதியவர் கௌர்கிஷோர் கோஷ். அதற்குப் பிறகு மலையேற்ற கிளப் என்பது கொல்கத்தாவில் ஏறக்குறைய கால்பந்து கிளப் மாதிரி, பேட்டைதோறும்.

இந்தக் கிளப்புகளின் பாறைப் பயிற்சி பாங்குரா மாவட்டத்து சுசுனியா குன்றில் நடக்கிறது. குளிர்கால விடுமுறையில் கயிறும் கொக்கியுமாக, அரசன் சந்திரவர்மனின் 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உள்ள அதே குன்றில் தொங்குகிறார்கள். முடிச்சுப் போடவும் பாறையில் பிடி தேடவும் அங்கே நன்றாகவே கற்கலாம். பனியை மட்டும் சுசுனியா கற்றுத் தராது.

அதற்கு முதல் பாடசாலை சண்டக்ஃபூ. இரவு சியால்டாவில் ரயில் ஏறினால் காலையில் நியூ ஜல்பாய்குரி, அங்கிருந்து மானேபஞ்சன், பிறகு 31 கிலோமீட்டர் மலைப்பாதை. 3,636 மீட்டர் உயரமுள்ள இதுதான் மேற்கு வங்கத்தின் உச்சி. பாதை எல்லையை ஒட்டியே போவதால் காலைத் தேநீர் இந்தியாவிலும் மதியச் சோறு நேபாளத்திலும் கிடைக்கும். வானம் தெளிந்தால் உலகின் ஐந்து பெரிய சிகரங்களில் நாலு கண்ணில் படும்.

ஜனவரியில் அங்கே பனி விழுந்த மறுநாள் நடந்து பாருங்கள். காலையில் அது அரிசிமாவு போல இருக்கும். கால் சுகமாகப் புதையும். பத்து மணி வெயிலுக்கு மேற்பரப்பு இளகும். சாயங்காலம் அதுவே இறுகி அப்பளம் போல ஓடு கட்டும். அடுத்த நாள் அந்த ஓடு தாங்கும் என்று நம்பி முழு எடையையும் வைத்த நொடியில் முழங்கால் வரை உள்ளே போகும். காற்றடிக்கும் முகட்டில் பனியே இருக்காது. காற்று அங்கிருந்து வாரியதெல்லாம் மறுபக்கச் சரிவில் கெட்டிப் பலகையாகப் படிந்திருக்கும். மர நிழலில் ஜீப் சக்கரம் அழுத்திய தடம் சுத்தமான பனிக்கட்டி. ஒரே கிலோமீட்டருக்குள் இத்தனை விதம்! பிக்கேபஞ்சனுக்கு மேல் ஏறும் செங்குத்துப் பாதை மூச்சை வாங்கும் என்றால், இறங்கும்போது அதே பாதை ஆளையே கவிழ்க்கும். பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பற்கள் மாட்டாமல் இறங்குவது வீண் வீரம்.

சண்டக்ஃபூவில் தப்புக்கணக்குப் போட்டால் மணிக்கட்டு சுளுக்கும். இதே பனி 30 முதல் 45 டிகிரி சாய்வில் படிந்திருந்தால் கதை வேறு. காற்று அடுக்கிய பலகைக்குக் கீழே பிடிப்பில்லாத பழைய பனி இருந்து, ஒருவர் எடையில் மேலே உள்ளது விரிசல் விட்டால், சரிவு முழுவதும் ஒன்றாகப் பெயர்ந்துவிடும். காஷ்மீரின் குல்மார்கில், நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் பலகையைக் காலில் கட்டி மேலே நடந்து, உச்சியில் ஒன்றாகப் பூட்டிச் சறுக்கி இறங்குபவர்கள் இதற்கு அஞ்சியே பனியைக் குழி தோண்டி அடுக்குப் பார்க்கிறார்கள். புதைந்தவரைத் தேடும் கருவியும் மண்வெட்டியும் பையில் இருக்கும். அப்படியும் 2023 பிப்ரவரியில் அங்கே அபர்வத் சரிவில் போலந்துக்காரர் இருவர் இறந்தார்கள்.

வங்காளிகளும் பயிற்சியை அலட்சியம் செய்வதில்லை. டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய ஹிமாலயன் மவுன்டனீரிங் இன்ஸ்டிட்யூட்டில் அடிப்படைப் பாடம் 28 நாள். அதன் பிறகு? ஆபீஸ். பனியைப் படிக்க ஆண்டுதோறும் பல வாரம் அதிலேயே கிடக்க வேண்டும். இவர்களுக்கு வாய்ப்பது பூஜை விடுமுறையும் சேர்த்துவைத்த லீவும்.

பிறகு வருவது பெரிய மலை, பெரிய கடன். ஹௌராவின் சந்தா காயென் 2013இல் எவரெஸ்ட் ஏறினார். 2014 மே மாதம் கஞ்சன்ஜங்காவைத் தொட்டபின் பக்கத்து யாலுங் காங்குக்குத் திரும்பியபோது பனிச்சரிவு அவரையும் இரு ஷெர்பாக்களையும் கொண்டுபோயிற்று. 2016 மே மாதம் எவரெஸ்டில் கொல்கத்தா போலீஸ்காரர் கௌதம் கோஷ், துர்காபூர் தையற்காரர் பரேஷ் நாத், பாங்குராவின் வாகன ஓட்டுநர் சுபாஷ் பால் மூவரும் இறந்தார்கள். முந்தைய இரண்டு ஆண்டுகளும் பனிச்சரிவாலும் நிலநடுக்கத்தாலும் அந்தப் பக்கம் ஏற்றம் நின்றுபோயிருந்தது. இன்னொரு முறை வரப் பணம் ஏது? நேரம் கடந்தும் மேலேயே போனார்கள், ஆக்சிஜன் தீர்ந்தது. கோஷ், நாத் இருவரின் உடல்கள் வீடு திரும்ப ஓராண்டு ஆயிற்று. 2019இல் கஞ்சன்ஜங்காவில் விப்லவ் வைத்யா, குந்தல் கன்ரார்.

பித்து என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தையல் எந்திரத்தில் சேர்த்த காசில் எவரெஸ்ட் வரை போகிற ஊர் இந்தியாவில் வேறு எங்கே இருக்கிறது? ஆனாலும் பூஜைக்கு முந்தைய இரவுகளில் சியால்டா பிளாட்பாரத்தில் கயிற்றுச் சுருளும் பனிக்கோடரியும் ஏறும்போது ஒன்றைக் கவனிக்கலாம். எல்லோர் பையிலும் திரும்பி வரும் டிக்கெட்டும் இருக்கிறது. ரிசர்வேஷன் 60 நாளுக்கு முன்பு திறந்தவுடனேயே தேதி குறித்து வாங்கியது.