மறைநகல் என்னும் மரியாதை

நம் அலுவலகக் கடிதங்களில் பெறுநர் முகவரி மேலே இருக்கும். நகல் பெறுவோர் பட்டியல் கையொப்பத்திற்குக் கீழே இருக்கும். தட்டச்சு இயந்திரத்தில் கார்பன் தாள் வைத்து எடுத்த நகலின் நினைவைத்தான் மின்னஞ்சலின் 'சிசி' இன்றும் தாங்கி நிற்கிறது. 'பிசிசி' என்னும் மறைநகலும் புதிதன்று. 1982ஆம் ஆண்டின் மின்னஞ்சல் வரையறையிலேயே அது உண்டு. செயலாற்ற வேண்டியவர் பெறுநர். செய்தியை அறிந்திருக்க வேண்டியவர் நகல். ஒருவரையொருவர் அறியத் தேவையில்லாதோர் மறைநகல்.

இந்த மூன்றாவது விதியைத்தான் ஆய்வுலகம் அடிக்கடி மறக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ஓர் ஆய்வுப் பணிக்கு விண்ணப்பித்திருந்தேன். தேர்வாகாதோர் அனைவருக்கும் ஒரே மடல் வந்தது. எல்லா முகவரிகளும் வெளிப்படையாக இருந்தன. அவற்றுள் ஒன்று, இங்கே பெங்களூரில் என் அடுத்த மேசையில் அமர்ந்திருந்த மூத்த ஆய்வாளருடையது. விண்ணப்பித்ததை அவர் நெறியாளரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தேநீர்க் கடையில், "நீயும் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். என்னைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அந்தப் பட்டியலில் இருந்த மற்றவர்களுள் யார் யாருக்கு நெறியாளரைத் தெரியும் என்பதே பல மாதம் அவரை உறுத்தியது.

அவர் இழந்தது மன அமைதி. உயிரே பணயமான நிகழ்வும் உண்டு. 2021 செப்டம்பரில், தாலிபான் கைப்பற்றிய ஆப்கானித்தானிலிருந்து வெளியேறக் காத்திருந்தோருக்குப் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் அனுப்பிய மடலில் 245 பேரின் முகவரிகள் பெறுநர் புலத்திலேயே இடம்பெற்றன. அதற்கு 'அனைவருக்கும் பதில்' அளித்த ஒருவர் தாம் இருக்கும் இடத்தையும் குறிப்பிட்டுவிட்டார். 2023இல் அமைச்சகத்திற்கு 3,50,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்த கே. எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. நேர்காணலுக்கு இசைந்தோரின் பெயரை ஆய்வேட்டில் மாற்றி எழுதுகிறோம். பிறகு அவர்கள் அனைவருக்கும் ஒரே நன்றி மடலை வெளிப்படையாக அனுப்பினால் அந்தக் காப்பு என்னாவது?

மறைநகலிலும் தீங்கு நேரலாம். சக மாணவருடன் நடக்கும் கருத்து வேறுபாட்டில் நெறியாளரை மறைநகலில் சேர்ப்பது ஒட்டுக்கேட்க வைப்பதற்கு ஒப்பாகும். அவர் 'அனைவருக்கும் பதில்' அழுத்தினால் குட்டும் உடைந்துவிடும். பலருக்கு அனுப்பும் அறிவிப்பில் உங்கள் முகவரியையே பெறுநராக இட்டு, மற்றவர்களை மறைநகலில் சேருங்கள். நேர்காணல் தந்தோருக்கும் தேர்வாகாதோருக்கும் தனித்தனியே எழுதுங்கள். நேரம் சற்றுக் கூடும், ஆனால் கைதவறிப் புலம் மாறினாலும் எவர் பெயரும் வெளிப்படாது.