வாங்கேறி நின்ற மாணவன்

ஆறாம் வகுப்பிலே எம்மிடம் தமிழ் பயின்ற சிறுவனொருவன், செய்யுளுக்குப் பதவுரை தொடங்குமுன்னரே மேசைமீது தலைசாய்த்து உறங்கிவிடுவான். சோம்பலெனக் கருதிய யாம் அவனை வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தினோம். இத்தண்டனையைப் பழைய மாணவராகிய நீவிரும் நன்கறிவீர்! அவனோ நின்றபடியும் கண்ணயர்ந்தான்.

"இரவு முழுவதும் குறட்டை, ஐயா. இடையிடையே மூச்சு நின்று திடுக்குற்று விழிக்கிறான்" என்று அவன் தாயார் கூறியபோது நாணினோம். குறட்டையை நல்லுறக்கத்தின் அடையாளமென்றே அதுகாறும் எண்ணியிருந்தோம்.

வைத்தியசாலைக்கு யாமும் உடன் சென்றோம். வைத்தியர் கழியொலிக் கருவியைக் கழுத்தின் மீதும் தாடையின் கீழும் வைத்தார். திரையிலே டொன்சிலின் பருமனும் நாவின் தடிப்பும் நிழலுருவாய்த் தோன்றின. எக்ஸ் கதிரும் இல்லை, மயக்கமருந்தும் இல்லை. பையன் விழித்திருந்து தன் தொண்டையைத் தானே கண்டு வியந்தான். எனினும் கழியொலி காற்றிடையே தடைப்படுமாதலால் மூக்கின் பின்னுள்ள அடினொயிட் சதை அதிலே எளிதிற் புலப்படாதென்றும், மூச்சு எத்தனை முறை தடைப்படுகின்றதென்பதை இரவுத்துயிற் சோதனையே கணக்கிடுமென்றும் வைத்தியர் விளக்கினார்.

அடுத்த தவணையிலே சத்திரசிகிச்சை நடந்தது. இப்பொழுது பதவுரை வேளையில் எம்மைக் கேள்விகளாற் குடைகின்றான். வாங்கேறி நின்றதை மறந்தனையோ என்று அவனைக் கேட்க எமக்கு இன்னும் துணிவு வந்திலது.